எட்டும் தூரத்தில் ஒருவர்: கட்டிளமைப் பருவத்தின் உளநலம்

பத்து வயது தொடக்கம் 19 வயது வரையான காலத்தை உலக சுகாதார நிறுவனம் கட்டிளமைப் பருவம் என வரையறுக்கின்றது. உலகில் இவ்வயதினருள் ஏழு பேரில் ஒருவர் ஏதோ ஓர் உளநலக் குறைபாட்டுடன் வாழ்வதாகவும் அந்நிறுவனம் மதிப்பிடுகின்றது. ஒருவரின் வாழ்நாளில் தலைகாட்டக்கூடிய உளநோய்களுள் பாதியளவு 14 வயதுக்குள்ளும் முக்காற்பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்பதை, அமெரிக்காவில் ரொனால்ட் கெஸ்லரும் அவருடைய குழுவினரும் மேற்கொண்டு 2005 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இதய நோயும் நீரிழிவும் பெரும்பாலும் நடுவயதில் வந்து சேர்பவை. உளநோய்களோ வாழ்க்கையின் வாசலிலேயே, படிப்பும் தொழிலும் நட்பும் உருப்பெறுகின்ற வேளையில் வந்து நிற்பவை. அவற்றைக் காலந்தாழ்த்திக் கவனிப்பதனால் ஏற்படும் இழப்பு அதனாலேயே பெரிது.

இந்த அத்தியாயம் அப்பருவத்தின் அறிவியலை ஓரிடத்தில் வைத்துப் பார்க்கின்றது. சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி மாவட்டத்தில், கொழும்பு–மட்டக்களப்பு வீதியில் அமைந்துள்ள பலாங்கொடை நகரைச் சூழ்ந்து பெட்டியாகல, ரஸ்ஸகல முதலிய தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. நுவரெலியா மாவட்டத்தைப் போல மலைக்கு மலை தொடர்ந்து செல்லும் தமிழ்த் தோட்டப்பரப்பு இங்கு இல்லை. சிங்களக் கிராமங்களுக்கும் சிறு தேயிலைக் காணிகளுக்கும் இரத்தினக்கல் அகழ்வு நிலங்களுக்கும் நடுவே தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. இத்தகைய தோட்டமொன்றில் வளரும் பிள்ளையின் உளநலத்தைத் தீர்மானிப்பதில் மூளையின் வளர்ச்சிக்கு எவ்வளவு பங்குண்டோ, அப்பிள்ளைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கின்றது, யார் இருக்கின்றார் என்பதற்கும் அவ்வளவு பங்குண்டு.

வளர்ச்சியின் கால வேறுபாடு

மனித மூளை ஆறேழு வயதுக்குள் தன் முழு அளவை ஏறக்குறைய எட்டிவிடுவதால், அதன் அமைப்பும் அத்துடன் நிலைபெற்றுவிடுகின்றது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஒரே பிள்ளைகளின் மூளையைச் சில ஆண்டுகள் இடைவிட்டு மீண்டும் மீண்டும் காந்த அதிர்வுப் படமெடுத்து ஒப்பிட்ட ஜே கீட் குழுவினரின் ஆய்வு 1999 இல் வெளியானபோது அக்கருத்து மாறியது. மூளையின் முற்பகுதியிலுள்ள சாம்பல்நிறப் பொருள், அதாவது நரம்புக் கலங்களும் அவற்றின் இணைப்புகளும் செறிந்த படை, பெண் பிள்ளைகளில் சுமார் 11 வயதிலும் ஆண் பிள்ளைகளில் சுமார் 12 வயதிலும் உச்ச அளவை அடைந்து, அதன் பின்னர் படிப்படியாகக் குறைகின்றது என்பது அவர்கள் கண்டது. இக்குறைவு தேய்வு அன்று. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவது போல, அடிக்கடி பயன்படும் இணைப்புகளை வலுவாக்கி, பயன்படாதவற்றை மூளை தானே களைந்துவிடுகின்றது. அதே காலத்தில், நரம்பிழைகளைச் சுற்றி மயலின் எனப்படும் கொழுப்புறை படர்ந்து, சமிக்ஞைகள் விரைந்து செல்ல வழி செய்கின்றது. எந்த இணைப்பு நிலைக்கும், எது களையப்படும் என்பதில் அன்றாட அனுபவத்திற்குப் பெரும் பங்கு இருப்பதனால், அச்சமும் அவமானமும் எவ்வாறு இம்மூளையில் பதிகின்றனவோ, அவ்வாறே ஆதரவும் பயிற்சியும் பதிகின்றன.

இம்மாற்றங்கள் மூளை முழுவதும் ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை. உணர்ச்சியையும் வெகுமதி நாட்டத்தையும் ஆளுகின்ற உட்பகுதிகள் பூப்பெய்தும் காலத்திலேயே ஓமோன்களின் தூண்டுதலால் விழிப்படைந்துவிட, விளைவை எண்ணிப் பார்த்து உந்துதலை அடக்குகின்ற முன்நுதற் புறணி இருபது வயதைக் கடந்த பின்னரே முழு முதிர்ச்சியை எட்டுகின்றது. லோரன்ஸ் ஸ்டைன்பேர்க்கும் மார்கோ கார்ட்னரும் 2005 இல் வெளியிட்ட பரிசோதனையில், கணினி வாகன விளையாட்டொன்றைத் தனித்து ஆடியபோதும் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்க ஆடியபோதும் பங்குபற்றியோர் எவ்வளவு ஆபத்தை விலைக்கு வாங்கினர் என்று ஒப்பிடப்பட்டது. நண்பர்கள் சூழ இருந்தபோது 13 முதல் 16 வயது வரையானோர் மிகக் கூடுதலாகத் துணிந்தனர். 24 வயதைக் கடந்தோரிடம் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. சகபாடிகளின் பார்வை கட்டிளைஞருக்கு இவ்வளவு கனதியாக இருப்பதனாலேயே, வகுப்பில் பலர் முன்னிலையில் கேட்ட ஒரு கேலிச் சொல்லும் அப்பிள்ளையை நாட்கணக்காக வாட்டுகின்றது. ஒரு விளையாட்டுக் குழுவில் கிடைத்த இடமும் அதே அளவுக்கு அப்பிள்ளையைத் தாங்குகின்றது.

லயத்து இரவும் பிள்ளையின் தூக்கமும்

மூளையின் காலக்கணக்கு வாழிடத்தின் காலக்கணக்கோடு மோதுவதற்குத் தூக்கம் தெளிவான எடுத்துக்காட்டு. உறக்கத்தை வரவழைக்கும் மெலற்றோனின் என்னும் ஓமோன் இரவில் சுரக்கத் தொடங்கும் நேரம் பூப்பின் பின்னர் தாமதமாகின்றது என்பதை மேரி கார்ஸ்கடனின் ஆய்வுகள் காட்டின. கட்டிளைஞர் இரவில் நேரத்தோடு உறங்காமைக்கும் விடியலில் எழுந்திருக்க முடியாமைக்கும் சோம்பலைக் காட்டிலும் இவ்வுடலியல் மாற்றமே காரணம். 13 முதல் 18 வயது வரையானோருக்கு நாளொன்றுக்கு 8 தொடக்கம் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவப் பரிந்துரை.

தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில், ஒரு குடும்பத்துக்குரிய வீடு பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஒரே காம்பரா, அதன் முன்னால் ஒரு சிறிய இஸ்தோப்பு, பின்னால் ஒதுக்கிய ஓர் அடுப்படி என்ற அளவில் அடங்கிவிடுகின்றது. பெற்றோரும் பிள்ளைகளும் சில வேளைகளில் பாட்டியும் அந்த ஒரே காம்பராவில் படுத்துறங்குகின்றனர். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும் குடித்துவிட்டு வந்தவரின் கூச்சலும் நடுச்சுவரைத் தாண்டி இப்பக்கம் கேட்கின்றன. வீட்டில் அனைவரும் அடங்கிய பிறகே படிக்க முடிகின்ற சாதாரண தர மாணவி நள்ளிரவை அண்மித்தே படுக்கைக்குச் செல்கின்றாள். தாய் காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டத்துக்கு, புறப்படுமுன் சமையலில் கைகொடுத்து, தம்பியைப் புறப்பட ஆயத்தப்படுத்தி, மலைப்பாதையில் இறங்கி பஸ் பிடித்து 7.30 மணிக்குப் பாடசாலையில் இருப்பதற்காக ஐந்து மணியளவில் அவள் எழ வேண்டியிருக்கின்றது. இவ்வாறு ஐந்து மணி நேரம் மாத்திரமே உறங்கும் மூளையில் கவனமும் நினைவாற்றலும் குன்றுவதுடன், தொடர்ந்த தூக்கக் குறைவு மனச்சோர்வுக்கும் வழிகோலுகின்றது. வகுப்பில் தூங்கி விழும் மாணவியைக் கண்டிக்கும் ஆசிரியர் காண்பது இச்சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டுமே.

இந்நெருக்கடிக்கு வரலாறும் உண்டு. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே பங்கிடப்பட்டு, 2003 ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலமே எஞ்சியோருக்கும் முழுமையாகக் குடியுரிமை கிடைத்த இந்திய வம்சாவளித் தோட்டச் சமூகத்தின் பிள்ளைகள் இவர்கள். தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்பில் வந்தது 1970களில்தான். தோட்டத்து வருமானம் போதாமல் தாய் மத்திய கிழக்குக்கோ தந்தை கொழும்புக்கோ சென்றுவிட, மூத்த பிள்ளை வீட்டுப் பொறுப்பை ஏற்பதும், படிப்பை இடைநிறுத்தி நகரத்துக் கடையிலோ வீட்டு வேலையிலோ சேர்வதும் இச்சமூகம் நன்கறிந்த நிகழ்வுகள். கட்டாயக் கல்வி வயது 2016 இலும், வேலைக்கமர்த்தும் குறைந்தபட்ச வயது 2021 இலும் 16 ஆக உயர்த்தப்பட்டமை இவ்வகையில் உளநலப் பாதுகாப்பும் ஆகும்.

மனமாற்றமும் மனநோயும்

கட்டிளமைப் பருவத்தின் கோபமும் மௌனமும் பெரும்பாலும் நோயின் அறிகுறிகள் அல்ல. இயல்பான மாற்றத்தையும் நோயையும் பிரித்தறிய மூன்று கேள்விகள் உதவுகின்றன: மாற்றம் எத்தனை நாள் நீடிக்கின்றது? வாழ்க்கையின் எத்தனை பக்கங்களைத் தொடுகின்றது? அன்றாடச் செயல்களை எவ்வளவு முடக்குகின்றது? பரீட்சைப் பெறுபேறு வந்த வாரத்தில் துவண்டுபோன மாணவன் அடுத்த வாரம் கரப்பந்தாட்டத்துக்குப் போனால் அது கவலை. இரண்டு வாரங்களுக்கு மேலாக நாளின் பெரும்பகுதியில் மனம் தாழ்ந்து, விருப்பமானவற்றிலும் நாட்டம் அற்று, உணவும் உறக்கமும் கெட்டு, தன்னைப் பயனற்றவனாகக் கருதத் தொடங்கினால் அது மனச்சோர்வு எனும் நோயாக இருக்கக்கூடும். பெரியவர்களிடம் துக்கமாக வெளிப்படும் இந்நோய் கட்டிளைஞரிடம் எரிச்சலாகவும் சண்டையாகவும் வெளிப்படலாம். ஆதலால் நோயுற்ற பிள்ளை “அடங்காப்பிடாரி” என்ற பெயரையே முதலில் பெறுகின்றது. பூப்பின் பின்னர் பெண் பிள்ளைகளிடம் மனச்சோர்வு ஆண் பிள்ளைகளைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்படுகின்றது. எதிர்காலத்தைப் பற்றிய அளவு கடந்த அச்சம் பதகளிப்பு எனப்படும். இல்லாத குரல் கேட்பதும், பிறர் தனக்குத் தீங்கு சூழ்கின்றனர் என்று உறுதியாக நம்புவதும் உளமாயப் பிணியின் தொடக்கமாகலாம்; பதின்ம வயதின் பிற்பகுதியில் தலைகாட்டும் இப்பிணிக்கு மருந்து தொடங்கத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் மீள்வதைக் கடினமாக்குகின்றது.

தோட்டங்களில் இத்துன்பங்கள் பெரும்பாலும் உடலின் மொழியிலேயே பேசுகின்றன. தலையிடி, வயிற்றுவலி, நெஞ்சுப் படபடப்பு, கைகால் அசதி என்று சொல்லி வரும் பிள்ளை தோட்டத்து டிஸ்பென்சரியில் பெனடோல் பெற்றுக்கொண்டு திரும்புகின்றது. வலி தொடர்ந்தால் பயந்த கோளாறு என்று கருதி நூல் மந்திரித்துக் கட்டுகின்றனர். இதை எள்ளி நகையாடுவதால் விளையும் பயன் ஒன்றுமில்லை. பிள்ளையின் துன்பம் உண்மையானது, அதைக் கவனிக்க வேண்டும் என்ற ஒப்புதல் அச்சடங்கிலும் இருக்கின்றது. கட்டிய நூலை அவிழ்க்கச் சொல்லாமல், “இதுவும் இருக்கட்டும், டாக்டரிடமும் காட்டிவிடுவோம்” என்று சொல்லும் குடும்ப நல உத்தியோகத்தரின் வார்த்தைக்குத் தாய்மார் செவிசாய்ப்பர்.

நஞ்சைத் தூரமாக்கிய நாடு

எட்டும் தூரம் என்பது உயிரையே காக்கக்கூடும் என்பதற்கு இலங்கையின் அனுபவம் உலகறிந்த சான்று. 1995 இல் இந்நாட்டின் தற்கொலை வீதம் ஓர் இலட்சம் பேருக்கு 47 என்ற அளவை எட்டி, உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாக இருந்தது. இறந்தோரில் பெருந்தொகையினர் இளையோர். விவசாய இரசாயனங்கள் வீட்டிலேயே கைக்கெட்டும் இடத்தில் இருந்ததும் அவற்றுட் பல மிகக் கொடிய நச்சுத்தன்மை கொண்டிருந்ததும் இவ்வுயர்வின் முக்கிய காரணங்கள். 1984 தொடக்கம் கொடிய நச்சுப் பொருட்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைசெய்யப்பட்டன. 1995 அளவில் உலக சுகாதார நிறுவனம் முதல் வகுப்பில் வைத்த நஞ்சுகளும், 1998 இல் என்டோசல்பனும், 2008 இன் பின்னர் மேலும் மூன்றும் சந்தையிலிருந்து விலக்கப்பட்டன. 1998 இல் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு நீக்கப்பட்டதால், உதவி நாடுவோருக்குப் பொலிஸ் பயமும் குறைந்தது. 2005 அளவில் தற்கொலை வீதம் ஏறத்தாழ பாதியாகி, 2015 அளவில் உச்சத்திலிருந்து சுமார் 70 சதவீதம் வீழ்ந்திருந்தது.

மக்களின் துன்பம் அந்த இருபது ஆண்டுகளில் 70 சதவீதம் குறைந்துவிடவில்லை. போரும் ஆழிப்பேரலையும் அக்காலத்திலேயே நிகழ்ந்தன. குறைந்தது, துன்பம் உச்சத்தைத் தொடும் சில நிமிடங்களில் கொடிய நஞ்சு கைக்குக் கிடைக்கும் வாய்ப்பு. உந்துதலை அடக்கும் மூளைப்பகுதி இன்னும் முதிராத கட்டிளைஞரில், உயிரை மாய்க்கும் எண்ணம் பல வேளைகளில் ஒரு சண்டையின் பின்னரோ அவமானத்தின் பின்னரோ சட்டென எழுந்து, பொறுத்திருந்தால் தணிந்துவிடக்கூடியது. அந்நேரத்தைக் கடத்திவிட்டால் பெரும்பாலானோர் மீண்டும் அம்முயற்சியில் இறங்குவதில்லை. ஆகவே களைகொல்லியையும் பூச்சிகொல்லியையும் வீட்டில் வைத்திராமல் பூட்டிய களஞ்சியத்தில் வைப்பதும், வீட்டிலுள்ள மாத்திரைகளைப் பெரியவர் ஒருவர் தம் பொறுப்பில் வைத்துக்கொள்வதும் உளநலப் பணியின் பகுதிகளே.

கவாய்த் தீவில் நாற்பது ஆண்டுகள்

ஆபத்தைத் தூரமாக்குவது பாதி வேலை. மறுபாதி ஆதரவை அண்மையாக்குவது. அதற்கான நெடுங்காலச் சான்று இன்னொரு தோட்டச் சமூகத்திலிருந்து கிடைக்கின்றது. பசிபிக் சமுத்திரத்தின் ஹவாய்த் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த கவாயில், கரும்பு, அன்னாசித் தோட்டங்களில் வேலை செய்ய ஆசிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளரின் வழித்தோன்றல்கள் பெருமளவில் வாழ்ந்தனர். அத்தீவில் 1955 இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னரும் ரூத் ஸ்மித்தும் பிறப்பிலிருந்து நாற்பது வயது வரை தொடர்ந்து அவதானித்தனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் வறுமை, பெற்றோரின் குடி, குடும்பச் சண்டை, தாய் அல்லது தந்தையின் உளநோய் முதலிய பல இடர்கள் ஒன்றுசேர்ந்த வீடுகளில் வளர்ந்தவர்கள். இவர்களுள் மூன்றில் இரு பங்கினர் கல்வியிலோ நடத்தையிலோ உளநலத்திலோ சிக்கல்களுக்கு உள்ளாயினர். எஞ்சிய மூன்றிலொரு பங்கினர் தன்னம்பிக்கையும் பரிவும் உடையவர்களாக வளர்ந்தனர்.

இவ்விரு சாராரையும் பிரித்துக் காட்டிய காரணிகளுள் மீண்டும் மீண்டும் தென்பட்டது, பெற்றோராகவே இருக்க வேண்டியதில்லை என்றாலும், பிள்ளையை நிபந்தனையின்றி ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவர் அருகில் இருந்தமை. பாட்டனோ பாட்டியோ மாமியோ பக்கத்து வீட்டாரோ ஆசிரியரோ அவ்விடத்தில் இருந்தனர். தாய் கடல் கடந்து சென்ற வீட்டில் அம்மாயியும், அடுத்த காம்பராவில் சித்தியும் இருக்கும் தோட்டத்து வாழ்வில் இவ்வளம் ஏற்கெனவே உண்டு. மாசி மாதத்தில் நிகழும் காமன் கூத்துக்காக வாரக்கணக்கில் ஒத்திகை பார்க்கும் இளைஞனுக்கு ஒரு பாத்திரமும், தன்னைத் திருத்தும் மாஸ்டரும், தன்னைப் பார்க்க வரும் ஊரும் கிடைக்கின்றன; இவை அனைத்தும் உளநலத்தைக் காப்பவை. ஆனால் பூப்புச் சடங்கு முடிந்த பெண் பிள்ளையின் நடமாட்டம் பாடசாலை, வீடு என்று சுருங்கிவிடுவதால், அவளுக்கு அத்தகைய களம் வாய்ப்பது அரிது. மனச்சோர்வுக்கு இரு மடங்கு ஆளாகும் சாராருக்கே ஆதரவுக் களங்கள் குறைந்திருப்பது இங்குள்ள பெரும் முரண்.

யார் அந்த ஒருவர்?

ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தால் அந்தப் பெரியவரின் இடம் நிரம்பிவிடும் என்பது பலரின் எதிர்பார்ப்பு. இந்தியாவின் பீகார் மாநிலத்தில் 74 அரசுப் பள்ளிகளில் நடத்தப்பட்டு 2018 இல் வெளியான சேஹர் ஆய்வு அதனைச் சோதித்தது. சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆசிரியரும், வேறு சிலவற்றில் இப்பணிக்கென்றே அமர்த்தப்பட்டுப் பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர் ஆலோசகரும் ஒரே உளநலச் செயற்றிட்டத்தை நடத்தினர். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டு, மனச்சோர்வும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. ஐரோப்பாவின் 10 நாடுகளில் 168 பாடசாலைகளைச் சேர்ந்த 11,110 மாணவரை உள்ளடக்கி 2015 இல் வெளியான ஆய்விலும், ஆசிரியர்களை மட்டும் பயிற்றிய முறை தற்கொலை முயற்சிகளைக் குறைக்கவில்லை; மாணவரே தம் உளநலத்தைப் பற்றிக் கலந்துரையாடிப் பழகிய முறை அவற்றை ஏறத்தாழ பாதியாக்கியது. புள்ளியிடுபவரும் தண்டிப்பவருமாகிய ஒருவரிடம் பிள்ளை மனந்திறந்து பேசத் தயங்குவதும், பாடத்திட்டச் சுமைக்கிடையே ஆசிரியருக்கு நேரம் கிடையாமையும் இதற்கு விளக்கமாகலாம்.

பலாங்கொடைத் தோட்டத்துப் பிள்ளைக்கு உதவி கிடைக்கும் வழி தாளில் தெளிவாகவே உள்ளது. 2005 ஆம் ஆண்டின் தேசிய உளநலக் கொள்கை சேவைகளை அங்கொடை மனநல வைத்தியசாலையிலிருந்து மாவட்டங்களுக்குப் பரவலாக்கும்படி வகுத்தது. பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர், பிரதேசத்தில் சுகாதார வைத்திய அதிகாரி, இளையோருக்கென அமைந்த யொவுன் பியச நிலையங்கள், அதற்கு மேல் பலாங்கொடை ஆதார வைத்தியசாலை, இரத்தினபுரி போதனா வைத்தியசாலை என்று படிகள் அமைந்துள்ளன. நடைமுறையில் இப்படிகள் மூன்று இடங்களில் வழுக்குகின்றன. கிளினிக் நாளில் பிள்ளையை அழைத்துச் செல்லும் தாய் அன்றைய பேரை, அதாவது ஒரு நாட் சம்பளத்தை, இழக்கின்றார். சந்தையில் பேசும் சிங்களம் கைவந்திருந்தாலும், மனத்தின் உள்வலியைச் சொல்ல அது போதாதபோது தமிழ் பேசும் அலுவலர் இல்லாவிட்டால், கூட வந்த உறவினரே மொழிபெயர்ப்பாளராகிவிட, பிள்ளை சொல்ல வந்ததை விழுங்கிவிடுகின்றது. “பைத்தியத்துக்கு மருந்து எடுக்கிற பிள்ளை” என்ற பேச்சு லயம் முழுவதும் பரவுமோ, கலியாணத்தைப் பாதிக்குமோ என்ற அச்சம் மூன்றாவது. தேசிய உளநல நிறுவகத்தின் 1926, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 ஆகிய இலவச அழைப்பு இலக்கங்கள் தூரத்தையும் செலவையும் கடக்க உதவுகின்றன. ஆயினும் ஒரே காம்பராவில் அனைவரும் இருக்க, யாரும் கேளாமல் பேச ஓர் இடமும் அப்பிள்ளைக்கு வேண்டும்.

அருகில் இருப்போர் செய்யக்கூடியவை

நோயை நிர்ணயிப்பது வைத்தியரின் பணி. அறிகுறியைக் கண்டு அருகில் அமர்வது எவரும் செய்யக்கூடியது. “ஏன் மூஞ்சியைத் தூக்கி வைச்சிருக்க?” என்ற கேள்வி பிள்ளையின் வாயை அடைக்கும், “கொஞ்ச நாளா நீ சரியாச் சாப்பிடுறதில்ல, ராவுல தூங்காம கெடக்குற, என்னம்மா செய்யுது?” என்று கண்டதைச் சொல்லிக் கேட்பது வாயைத் திறக்கும். பிள்ளை பேசத் தொடங்கியதும் அறிவுரை கூறாமலும், தமது காலத்துக் கஷ்டங்களோடு ஒப்பிடாமலும் கேட்பது அடுத்த படி. உயிரை மாய்க்கும் எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டால் அவ்வெண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை. அமைதியாகக் கேட்கப்படும் அக்கேள்வி பெரும்பாலும் பிள்ளைக்கு ஆறுதலாகின்றது. ஆம் என்ற பதில் வந்தால் பிள்ளையைத் தனியே விடாமல், ஆபத்தான பொருட்களை அப்புறப்படுத்தி, அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இரகசியம் காப்பதாக வாக்களித்திருந்தாலும் உயிராபத்து உள்ளபோது அவ்வாக்கு பொருந்தாது என்பதை முன்கூட்டியே பிள்ளைக்குச் சொல்லிவைப்பது நேர்மையானது.

தனிமனிதரின் அன்பை மாத்திரம் நம்பி இப்பணியை விட்டுவிட முடியாது. தோட்டத்திலேயே பிறந்து உயர்தரம் வரை படித்த இளம் பெண்களையும் ஆண்களையும் தேர்ந்து, பீகாரில் செய்தது போலப் பயிற்சியளித்து, சம்பளத்துடன் தோட்டப் பாடசாலைகளில் அமர்த்துவதும், உளநலக் கிளினிக்கைப் பாடசாலை விடும் நேரத்தில் மாதமொருமுறை தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே நடத்துவதும், பிள்ளைகள் இரவில் அமர்ந்து படிக்கவும் பேசவும் ஒரு பொது அறையைத் திறந்துவைப்பதும் பெருஞ்செலவு கோரும் பணிகள் அல்ல. நஞ்சைத் தூரமாக்க இலங்கைக்குத் தேவைப்பட்டவை மக்களின் மனமாற்றத்துக்காகக் காத்திருக்காத வர்த்தமானி அறிவித்தல்கள். தமிழில் கேட்டு, தமிழில் பதில் சொல்லும் பயிற்சி பெற்ற ஒருவரை ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் அமர்த்துவதும் அதே வகையைச் சேர்ந்த நிர்வாக முடிவே. அம்முடிவை எடுக்கும் வரை, பிள்ளைகள் உதவி நாடுவதில்லை என்று குறைகூறும் உரிமை பெரியவர்களுக்கு இல்லை.